பஞ்சுப் பொதியும் துணி மூட்டையும்

தளவாய் என்றால் சேனாதிபதி. நாயக்கர் காலத்தில் படையை நடத்திச் சென்றவர்களுக்கு வழங்கிய பட்டம் அது. ராஜபாளையத்துக்குத் தெற்கே, சேத்தூர், முகவூர், செட்டியார்பட்டி ஆகிய ஊர்களுக்கு அண்டையில் இருக்கும் தளவாய்புரம் அந்தப் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. ஆனால் இன்று அந்த ஊர்த் தெருக்களில் குதிரைக் குளம்பொலியைத் தேடிப் பயனில்லை. காதில் விழுவதெல்லாம் தையல் மிஷின்களின் கடகடப்புத்தான். பெண்கள் வீட்டில் உடுத்தும் நைட்டி அங்கே ஆயிரக்கணக்கில் தைக்கப்பட்டு, மூட்டை மூட்டையாக லாரி ஏறி ஊர் ஊராகப் போகிறது. சேனாதிபதியின் பெயரைக் கொண்ட ஊர் நைட்டி தைக்கிறதே என்று யாரும் சிரிக்க வேண்டாம். துணியையும் பஞ்சையும் வைத்துக்கொண்டு வல்லரசுகள் நடத்திய யுத்தங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று நம் தாத்தாக்கள் காலத்தில் நடந்தது. துப்பாக்கி வெடிக்காமல், ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் நடந்தபடியால், சரித்திரப் புத்தகங்களில் அதற்கு அரைப் பக்கம்கூடக் கிடைக்கவில்லை.

சண்டை வந்தால் வியாபாரம் நின்றுவிடும், சண்டை ஓய்ந்தால் வியாபாரம் தழைக்கும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வியாபாரமே சண்டையாக இருக்க முடியும், ஒரு தேசம் இன்னொரு தேசத்தைச் சரக்கு வாங்கி வாங்கியே மண்டியிட வைக்க முடியும், அதற்குக் கணக்கும் போட்டுக் காட்ட முடியும் என்று ஒரு புத்தகம் எழுதினார் ஆல்பெர்ட் ஹிர்ஷ்மன் என்ற பேராசிரியர். 'தேசத்தின் வல்லமையும் வெளிநாட்டு வியாபாரத்தின் அமைப்பும்' என்பது போல அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 1945-ஆம் வருஷம் கலிபோர்னியா சர்வகலாசாலை அதை வெளியிட்டது. உலக யுத்தம் முடிந்த சந்தோஷத்தில் அப்போது யாரும் அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

இந்தப் பேராசிரியரின் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை. 1915-இல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933 வசந்த காலத்தில் தகப்பனார் இறந்தார்; ஹிட்லர் அப்போதுதான் பதவிக்கு வந்திருந்தான். பதினெட்டு வயதுப் பையன் பாரிசுக்கு ஓடினான். லண்டனில் படித்தான். 1936-இல் ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் குடியரசுக் கட்சியோடு சேர்ந்து துப்பாக்கி பிடித்தான். அதன் பிறகு இத்தாலியில் டிரியெஸ்ட் நகரில் டாக்டர் பட்டம். பிறகு பிரெஞ்சுச் சேனை. பிரான்ஸ் விழுந்த பிறகு, 1940-இல் மார்செய் துறைமுகத்தில் வேரியன் பிரை என்ற அமெரிக்கருக்கு வலக் கையாக இருந்து, நாஜிகள் தேடிக்கொண்டிருந்த எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் பிரெனீஸ் மலை வழியாக எல்லை கடத்தி அனுப்பும் வேலை. அதுவும் வெளிப்பட்டுவிடும் என்றானபோது தாமும் அதே மலையைக் கடந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கதை எழுதுகிறவன் இப்படி ஒரு கதாநாயகனைப் படைத்துக் கொடுத்தால், 'ஒரே ஆளுக்கு இத்தனையா?' என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்த இந்த மனிதர் மலையையும் துப்பாக்கியையும் பற்றி எழுதவில்லை. நூல் நிலையத்தில் உட்கார்ந்து பல்கேரியா எத்தனை புகையிலை விற்றது, ருமேனியா எத்தனை தானியம் விற்றது, யார் வாங்கினார்கள் என்று புள்ளிவிவரம் சேர்த்தார். தம்மை ஊர் ஊராகத் துரத்திய சக்தி எங்கே கருக்கொண்டது என்பதை அவர் அந்தப் புள்ளிவிவரங்களுக்குள்ளே தேடினார் என்று நான் நினைக்கிறேன்.

அவர் கண்டதை நம் தெருப் பாஷையில் சொல்லிப் பார்க்கலாம். ஒரு பால்காரர் இருக்கிறார். அவர் கறக்கிற பாலில் பாதிக்கு மேல் ஒரே பெரிய வீட்டுக்காரர் வாங்கிக்கொள்கிறார். விலையும் மற்றவர்களைவிட இரண்டு ரூபாய் கூட்டியே கொடுக்கிறார். பால்காரருக்கு மகிழ்ச்சி. சில்லறை வாடிக்கைகளை விட்டுவிடுகிறார். கடன் வாங்கி இன்னொரு மாடும் பிடிக்கிறார். பெரிய வீட்டுக்காரருக்கோ அடுத்த தெருவில் நாலு பால்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் அவர் கோபமாக ஒன்றும் பேச வேண்டியதில்லை. 'நாளையிலிருந்து பால் வேண்டாம் என்று நினைக்கிறேன்' என்று மெல்லச் சொன்னால் போதும். அன்றைக்கு அவர் வீட்டு வேலியையும் பால்காரர்தான் கட்டிக் கொடுப்பார். அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் அவர் காட்டும் ஆளுக்கே ஓட்டும் போடுவார்.

ஹிட்லரின் ஜெர்மனி தென்கிழக்கு ஐரோப்பாவில் செய்தது அந்தப் பெரிய வீட்டுக்காரரின் வேலைதான். 1938-இல் பல்கேரியாவின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் ஜெர்மனிக்குப் போயிற்று. ஜெர்மனி வாங்கிய வெளிநாட்டுச் சரக்கில் பல்கேரியாவின் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பல்கேரியாவுக்கு அது வயிறு. ஜெர்மனிக்கு அது ஊறுகாய். இருவரும் லாபம் அடைகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நிறுத்தினால் யாருக்கு அதிகம் வலிக்கும் என்பதுதான் கேள்வி என்றார் ஹிர்ஷ்மன். எந்த தேசம் எத்தனை பேரை நம்பிப் பிழைக்கிறது என்று அளக்க ஒரு கணக்கும் வகுத்தார். ஒவ்வொரு வாடிக்கைக்காரரின் பங்கையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டுவது அதன் சாரம். ஒரே வாடிக்கை என்றால் எண் உச்சத்துக்குப் போகும். பலர் என்றால் தாழ்ந்து நிற்கும். இந்தக் கணக்கு பிற்பாடு கம்பெனிகளின் ஏகபோகத்தை அளக்கப் பயன்பட்டு, ஹெர்பிண்டால் என்ற இன்னொருவர் பெயரில் உலகெங்கும் வழங்கத் தொடங்கியது. 1964-இல் ஹிர்ஷ்மன் ஒரு சின்னக் குறிப்பு எழுதி, 'அந்தக் குழந்தைக்குத் தகப்பன் நான்' என்று உரிமை கொண்டாட வேண்டியதாயிற்று.

இந்தப் பேராசிரியர் பல்கேரியாவின் கணக்கைப் பார்த்தாரே தவிர, நம் கரிசல் காட்டின் கணக்கைப் பார்க்கவில்லை. அதை நாம் பார்ப்போம்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துக்கு மலையடியில் குளமும் வயலும் உண்டு. கிழக்கே போகப் போகச் சாத்தூர், கோவில்பட்டி வரைக்கும் விரிந்து கிடப்பது கரிசல். மழை பெய்தால் காலை விடாது பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் கால் புதையும்படி வெடிக்கும். அந்த மண் ஐப்பசி மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, மாசி பங்குனி தொடங்கிப் பருத்தி கொடுக்கும். பருத்தியைத் தின்ன முடியாது. ஆகவே சம்சாரி அதை விற்றுத்தான் தீர வேண்டும். விற்கும் விலையை அவன் தீர்மானிப்பதில்லை. விருதுநகரில் தரகர் சொல்லுவார். தரகருக்குத் தூத்துக்குடியில் இருக்கும் வெள்ளைக்காரக் கம்பெனி சொல்லும். கம்பெனிக்கு லிவர்ப்பூலிலிருந்து தந்தி வரும். 'திருநெல்வேலிப் பஞ்சு' என்று லிவர்ப்பூலில் ஒரு தனி ரகமே பேசப்பட்டது.

அந்தச் சங்கிலியின் வழியாக அந்நியர் சண்டை முதன்முதலாகக் கரிசலுக்கு வந்தது 1861-இல். அமெரிக்காவின் தென் மாகாணங்கள் பிரிந்து போயின. அவர்களிடம் இருந்த பெரிய ஆயுதம் பருத்தி. 'பருத்தியே ராஜா' என்று அவர்களுடைய தலைவர் ஒருவர் 1858-இலேயே சபையில் முழங்கியிருந்தார். பஞ்சை அனுப்பாமல் நிறுத்தினால் லங்காஷயர் ஆலைகள் மூடிக்கொள்ளும், பிரிட்டன் தன் கப்பற் படையுடன் உதவிக்கு ஓடிவரும் என்பது கணக்கு. முதல் வருஷத்தில் அவர்களே பஞ்சைத் துறைமுகத்துக்கு அனுப்பாமல் தடுத்தார்கள். பிறகு வட மாகாணங்களின் கப்பல்கள் வந்து முற்றுகை போட்டன. லங்காஷயர் தொழிலாளிகள் பட்டினி கிடந்தது உண்மை. ஆனால் பிரிட்டன் உதவிக்கு ஓடிவரவில்லை. எகிப்துக்கும் இந்தியாவுக்கும் ஆள் அனுப்பியது. விலை பல மடங்கு ஏறியது. பம்பாயில் பணம் புரண்டது, கரிசலிலும் புரண்டது. 1865-இல் அமெரிக்காவில் சண்டை முடிந்ததும், பம்பாயின் பங்கு வியாபாரம் சீட்டுக்கட்டு மாளிகை போல விழுந்தது. ஏறின விலையை நம்பிக் கடன் வாங்கியவனுக்குக் கடன் மட்டும் மிஞ்சியது. வேறு ஆள் கிடைக்காது என்ற நம்பிக்கையில் ஒருவன் 'தரமாட்டேன்' என்று சொல்லி, வேறு ஆள் கிடைத்துவிட்டதால் தோற்ற கதை அது. அந்த வேறு ஆள் நாம்தான்.

இனி ஜப்பான் வருகிறது. ஜப்பானில் பருத்தி விளைச்சல் அற்பம், ஆலைகளோ பெருகிக்கொண்டிருந்தன. பஞ்சு பம்பாயிலிருந்து போக வேண்டும். கப்பலோ பி. அண்டு ஓ. என்ற ஆங்கிலக் கம்பெனியும் அதன் கூட்டாளிகளும் வைத்ததே சட்டம். 1893-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானுக்குப் போய்ப் பேசினார். நிப்பான் யூசென் என்ற ஜப்பானியக் கப்பல் கம்பெனியுடன் ஏற்பாடாயிற்று. அந்த வருஷக் கடைசியில் பம்பாய்க்கும் கோபேக்கும் இடையே புதிய கப்பல் ஓடத் தொடங்கியது. டன்னுக்கு 17 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த ஆங்கிலக் கம்பெனி, கட்டணத்தை ஒன்றரை ரூபாய்க்கு இறக்கிற்று! பழைய தந்திரம்தான். இதே தந்திரத்தைப் பதின்மூன்று வருஷம் கழித்துத் தூத்துக்குடியில் சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பலுக்கு எதிராக இன்னொரு ஆங்கிலக் கம்பெனி செய்தது. கட்டணத்தைக் குறைத்து, இலவசமாகவும் ஏற்றி, குடையும் கொடுத்தது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். சிதம்பரம் பிள்ளையின் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. ஜப்பானியக் கப்பல் தப்பியது. ஏனென்றால் ஜப்பானிய நூற்பாலைக்காரர்கள் சங்கம் கூடி, எவ்வளவு மலிவாகக் கூப்பிட்டாலும் வேறு கப்பலில் பஞ்சு ஏற்றுவதில்லை என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய சர்க்காரும் நின்றது. நமக்குப் பின்னால் நின்ற சர்க்கார் சிதம்பரம் பிள்ளையைச் செக்கிழுக்க அனுப்பியது.

நாற்பது வருஷத்தில் அந்த நூற்பாலைக்காரர்கள் உலகத்தை ஆட்டிவைத்தார்கள். 1931 டிசம்பரில் ஜப்பான் தன் நாணயத்தைத் தங்கத்திலிருந்து கழற்றிவிட்டது. ஒரே வருஷத்தில் யென்னின் மதிப்பு பாதிக்கு மேல் சரிந்தது. ஜப்பான் துணி நம்பமுடியாத மலிவாயிற்று. 1933-இல் உலகத்துக்கு அதிகக் கஜம் பருத்தித் துணி விற்ற தேசம் என்ற பெருமை பிரிட்டனிடமிருந்து ஜப்பானுக்குக் கைமாறியது. லங்காஷயருக்கு இது இழவு வீடு. 1913-இல் அது இந்தியாவுக்கு மட்டுமே ஏறக்குறைய 300 கோடி கஜம் துணி விற்றிருந்தது. காந்தியடிகளின் அந்நியத் துணி பகிஷ்காரம் ஒரு பக்கம், பம்பாய் மில்கள் ஒரு பக்கம், ஜப்பான் ஒரு பக்கம் என்று அது மூன்று முனையிலும் கரைந்துகொண்டிருந்தது.

இந்திய சர்க்கார் சுங்கச் சுவரை எழுப்பிற்று. 1930-இல் பிரிட்டிஷ் துணிக்கு நூற்றுக்கு 15, மற்றவர் துணிக்கு 20 என்று சாதுவாகத் தொடங்கிய வரி, 1932 ஆகஸ்டில் மற்றவர்களுக்கு 50 ஆயிற்று. 1933 ஜூனில் 75 ஆயிற்று. பிரிட்டிஷ் துணிக்கு மட்டும் 25. 'மற்றவர்' என்று மரியாதையாக எழுதியிருந்தாலும் அது ஜப்பானுக்குப் போட்ட சுவர் என்பது குழந்தைக்கும் தெரியும். 1904 முதல் இருந்துவந்த ஜப்பானிய வர்த்தக ஒப்பந்தத்தையும் சர்க்கார் ரத்து செய்வதாக அறிவித்தது.

ஜப்பானிய நூற்பாலைச் சங்கம் கூடியது. இந்தியப் பஞ்சை இனி ஒரு பொதிகூட வாங்குவதில்லை என்று தீர்மானித்தது.

அந்த ஒரு வரியின் கனத்தைப் பாருங்கள். இந்தியா வெளிநாட்டுக்கு விற்ற பஞ்சில் ஏறக்குறையப் பாதியை ஜப்பான் ஒன்றே வாங்கிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் இழை குட்டையான நாட்டு ரகம். ஜப்பான்காரர்கள் அதை வேறு பஞ்சோடு பக்குவமாகக் கலந்து நூற்கும் வித்தையைக் கற்று வைத்திருந்தார்கள். லங்காஷயரின் யந்திரங்களும் கைகளும் நீண்ட இழையுள்ள அமெரிக்கப் பஞ்சுக்குப் பழகியவை; குட்டை இழையை அவை தொடுவதற்கே கூசின. 1929-க்குப் பிறகு வந்த உலக மந்தத்தில் பருத்தி விலை ஏற்கெனவே பாதியளவுக்கு விழுந்து கிடந்தது. நிலத் தீர்வையோ விழவில்லை. அதை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். ஜூன் மாதம் வேறு. நம் கரிசல் காட்டில் பருத்தி எடுப்பு முடிகிற சமயம். பருத்தி வீட்டுக்குள் இருக்கிறது, கடன்காரன் திண்ணையில் இருக்கிறான்.

ஜப்பானுக்கும் பஞ்சு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் அந்தக் கோடையில் அமெரிக்காவில் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? பஞ்சு மலிந்துபோய், விலையைத் தூக்குவதற்காக ரூஸ்வெல்ட் சர்க்கார் குடியானவர்களுக்குப் பணம் கொடுத்து, காய்த்து நிற்கிற பருத்தியை ஏறக்குறைய ஒரு கோடி ஏக்கரில் உழுது அழிக்கச் சொன்னது. ஜப்பான் இந்தியாவை விட்டு அமெரிக்காவின் பக்கம் திரும்பியது. அங்கே இரு கை நீட்டி வரவேற்றார்கள். நம் பால்காரர் கதையில் வரும் அடுத்த தெரு அதுதான்.

அந்த வருஷம் செப்டம்பரில் சிம்லாவில் பேச்சுவார்த்தை தொடங்கி, பிறகு டில்லியில் தொடர்ந்தது. ஜப்பானின் தூதுக்குழுவுக்குத் தலைவர் சவாடா. இந்தியாவின் சார்பில் வர்த்தக மெம்பர் ஸர் ஜோசப் போர். ஜப்பானிய ஆலை முதலாளிகளும் கூடவே வந்து உட்கார்ந்தார்கள். லங்காஷயரின் தூதுக்குழு ஒன்றும் வந்து சேர்ந்தது. அந்தக் குழுவின் தலைவர் கிளேர் லீஸுக்கும் பம்பாய் மில் முதலாளிகளின் தலைவர் ஹோமி மோடிக்கும் அக்டோபரில் தனியாக ஓர் உடன்பாடு ஆயிற்று. பம்பாயும் லங்காஷயரும் ஜென்ம விரோதிகள். லங்காஷயரைத் திருப்தி செய்வதற்காக இந்திய மில் துணிக்கு 1896 முதல் 1925 வரை நூற்றுக்கு மூன்றரை வீதம் வரி வாங்கியதை பம்பாய் மறக்கவில்லை. இருந்தாலும் ஜப்பான் என்ற பொது எதிரி வந்ததும் இருவரும் கைகுலுக்கினார்கள். தேசிய பத்திரிகைகள் மோடியைக் கடித்துக் குதறின.

1934 ஜனவரியில் இந்திய-ஜப்பானிய உடன்பாடு உருவாயிற்று; ஜூலையில் லண்டனில் கையெழுத்தாயிற்று. ஆம், லண்டனில்தான். அதன் ஷரத்து விசித்திரமானது. ஜப்பான் வருஷத்துக்கு 10 லட்சம் பொதி இந்தியப் பஞ்சு வாங்கினால், 32 கோடியே 50 லட்சம் கஜம் துணியை இந்தியாவில் விற்கலாம். அதிகம் வாங்க வாங்க அதிகம் விற்கலாம். 15 லட்சம் பொதி வாங்கினால் 40 கோடி கஜம், அதற்கு மேல் கிடையாது. குறைவாக வாங்கினால் துணியும் குறையும். வரி 75-லிருந்து 50-க்கு இறங்கியது. ஜப்பானியச் சங்கம் பகிஷ்காரத்தை விலக்கிக்கொண்டது. பழைய காலத்தில் நெல்லுக்கு உப்பு மாற்றினார்களே, அதே பண்டமாற்றுத்தான். இரண்டு பேரரசுகளின் மந்திரிகள் மாதக்கணக்கில் தலையை உடைத்துக்கொண்டு உப்பு வண்டிக்காரர் கணக்குக்கே வந்து சேர்ந்தார்கள்.

யார் ஜெயித்தது? ஜப்பான் தனக்கு வேண்டிய பஞ்சையும் பெற்று, வாசலும் ஓரளவு திறக்கப்பெற்றது. பம்பாய்க்குச் சுவர் நின்றது. லங்காஷயருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கரிசல் சம்சாரிக்கு மட்டும், போன வருஷம் இருந்த அதே வாடிக்கைக்காரர் திரும்பி வந்தார். அவ்வளவே அவன் லாபம். விழுந்த விலை விழுந்தபடிதான் பல காலம் கிடந்தது.

ஹிர்ஷ்மன் கணக்கின் குறை இங்கே எனக்குப் புலப்படுகிறது. அவர் தேசத்தை ஒரே ஆளாகப் பாவித்தார்: பல்கேரியா என்று ஓர் ஆள், ஜெர்மனி என்று ஓர் ஆள். இந்தியா என்ற ஆளுக்கு 1933-இல் வாய் ஒன்றாகவும் வயிறு வேறொன்றாகவும் இருந்தது. 'துணியை உள்ளே விடமாட்டேன்' என்று சொன்ன வாய் டில்லியிலும் லண்டனிலும் இருந்தது. அந்தச் சொல்லுக்கு விலையாக எது பறிபோகும் என்று பார்த்தால், அது விருதுநகர் மண்டிக்கு வண்டி கட்டுகிறவனுடைய பருத்தி. தடுத்தவன் ஒருவன், அதற்குத் தண்டம் கட்டுகிறவன் இன்னொருவன் என்று ஆகும்போது சவால் விடுவது மிகவும் சுலபமாகிவிடுகிறது. ஜப்பானில் அப்படி இல்லை. பஞ்சு வேண்டாம் என்று சொன்னவர்களே பஞ்சு நூற்கிறவர்கள். அவர்கள் நஷ்டத்தை அவர்களே எடை போட்டுப் பார்த்து, அதைத் தாங்கும் காலம் எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொன்ன சொல் அது. ஆகவே அதற்குக் கனம் இருந்தது.

ஹிர்ஷ்மனே பிற்காலத்தில் தம் புத்தகத்தைத் திரும்பிப் பார்த்தார். 1978-இல் எழுதிய கட்டுரையில் அவர் சொன்னது ருசிகரமானது. சிறிய தேசம் பெரியதை நம்பியிருக்கிறது என்பதால் அது என்றைக்கும் அடிமை என்று முடிவு கட்டிவிட முடியாது. பெரியவருக்கு ஆயிரம் கவலை. இந்தச் சின்ன வாடிக்கை அவர் நினைவின் ஒரு மூலையில் கிடக்கும். சிறியவருக்கோ அது ஒன்றே கவலை. இரவும் பகலும் அதையே யோசித்து வழி தேடுவார். வழி கண்டும் பிடிப்பார்.

ராஜபாளையத்தில் அப்படி ஒரு வழி திறந்தது. ஜப்பானுக்கு எதிராக எழுந்த சுவர் யாருக்காகக் கட்டப்பட்டதோ, அவர்களுக்கு மட்டும் நிழல் தரவில்லை. அதன் மறைவில் தென்னாட்டில் புதிய நூற்பாலைகள் முளைத்தன. பைக்காரா மின்சாரம் வந்ததும் கோயம்புத்தூரில் சரசரவென்று புகைபோக்கிகள் கிளம்பின. விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு 1927-இலேயே ரயில் வந்திருந்தது. 1936-ஆம் வருஷம் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். டில்லியில் வர்த்தக மெம்பரும் சவாடாவும் கஜக்கோலால் அளந்துகொண்டிருந்த நாட்களில் இந்த ஊரின் பெயர் அவர்கள் வாயில் ஒரு தடவைகூட வந்திருக்காது. பஞ்சு விளைகிற மண்ணுக்கு அருகிலேயே பஞ்சுக்கு ஒரு வாடிக்கைக்காரர் உண்டானார். கோபேக்குப் போகாத பொதியும் விலை போகும் என்ற நிலை மெல்ல மெல்ல உருவாயிற்று.

ஜப்பானிய உடன்பாடு 1937-இல் புதுப்பிக்கப்பட்டது. 1941 ஜூலையில் அமெரிக்காவும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யமும் ஜப்பானின் சொத்துக்களை முடக்கின. டிசம்பரில் குண்டுகள் விழுந்தன. பொதியும் கஜமும் அத்தோடு கடலில் போயின. யுத்தம் முடிந்து சுதந்திரம் வந்த பிறகும் பாடம் தொடர்ந்தது. 1949 செப்டம்பரில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. பாகிஸ்தான் குறைக்க மறுத்தது. பிரிவினையில் நல்ல நீண்ட இழைப் பருத்தி நிலம் பாகிஸ்தானுக்குப் போயிருந்தது. இரு தேசங்களும் ஒன்றுக்கொன்று முகத்தைத் திருப்பிக்கொண்டதில், 1951 தொடக்கத்தில் சமரசம் ஆகும் வரை, நம் மில்கள் பஞ்சுக்கு வேறு வாசல்களில் போய் நின்றன.

இந்த விளையாட்டுக்கு ஒரு பெயர் வைத்தவர் எட்வர்ட் லட்வாக். வல்லரசுகள் இனிமேல் பீரங்கியால் மோதுவதைவிட மூலதனத்தாலும் சந்தையாலும் மோதிக்கொள்ளும் என்று 1990-இல் எழுதி, புவிப்பொருளாதாரம் என்று பொருள்படும் ஒரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெயர் புதிது, சரக்குப் பழையது. 2022 ஜூனிலிருந்து அமெரிக்கா, சீனாவின் சின்ஜியாங் மாகாணத்துப் பஞ்சு கலந்த எந்தத் துணியும் உள்ளே வரக் கூடாது என்று ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது; அங்கே கட்டாய வேலை வாங்கப்படுகிறது என்பது காரணம். சட்டையைப் பிரித்துப் பஞ்சின் ஜாதகத்தைப் பார்க்கிற காலம் வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் அதே அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது முதலில் நூற்றுக்கு 25 என்றும், இருபது நாளில் மேலும் 25 என்றும் வரி போட்டது. இரண்டாவது 25-க்கும் துணிக்கும் சம்பந்தமே இல்லை. இந்தியா ருஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை அது. எண்ணெய் வாங்கியவர்கள் வேறு, பனியன் தைத்த திருப்பூர்க்காரர்கள் வேறு. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தளவாய்புரத்து நைட்டிக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை. வாங்குகிறவர்கள் ஆயிரம் ஊர்களில் சிதறிக் கிடக்கிற சில்லறைக் கடைக்காரர்கள். சந்தைத் தரையில் விரித்துப் போட்டு விற்கிறவர்களும் உண்டு. எந்த ஜனாதிபதியும் அவர்களைக் கூட்டி உட்காரவைத்து, 'நாளையிலிருந்து தளவாய்புரத்து நைட்டி வேண்டாம்' என்று சொல்ல வைக்க முடியாது. ஹிர்ஷ்மனின் கணக்கைப் போட்டால் எண் மிகத் தாழ்வாக விழும். லாபமும் தாழ்வாகத்தான் இருக்கும்; அது வேறு விஷயம். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி கடல் கடந்தும் போகிறது. அவர்கள் இந்த வரிச் செய்திகளைக் கொஞ்சம் கூர்ந்து படிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் நைட்டியும் பஞ்சிலிருந்துதானே வருகிறது? வரிச் சண்டை மூண்ட அதே ஆகஸ்டில், 19-ஆம் தேதி, இந்திய சர்க்கார் வெளிநாட்டுப் பஞ்சின் மீது இருந்த நூற்றுக்கு 11 இறக்குமதி வரியைத் தற்காலிகமாக விலக்கியது. முதலில் செப்டம்பர் கடைசி வரைக்கும் என்றார்கள். பத்து நாள்கூட ஆகவில்லை, டிசம்பர் கடைசி வரைக்கும் என்று நீட்டினார்கள். மில்காரர்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. துணி ஏற்றுமதிக்காரர்களுக்கும் கொஞ்சம் ஆறுதல். விவசாய சங்கங்கள் கூடாது என்றன. அப்போது தமிழுக்கு ஆவணி மாதம். ஐப்பசியில் பருத்தி ஊன்ற வேண்டியவர்கள் கரிசலைக் கோடை உழவு போட்டுவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.